செல்லூர் முத்துமீனாவும் மத்தியானம் அணையும் டேப்லெட்டும்

டேப்லெட்டை நீட்டினால் முத்துமீனா வாங்குவதில்லை. "அது கெடக்கட்டும். சார்ஜர எடுங்க, வயர எடுங்க" என்பாள். கொண்டுவராதவர்கள் வீட்டுக்குத் திரும்பிப் போய் எடுத்துவர வேண்டியதுதான். வயரை விரல்களுக்கிடையே ஓட்டி, எங்கே உள்ளே ஒடிந்திருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்ப்பாள். அப்புறம் டேப்லெட்டை அணைத்துவிட்டு, சார்ஜ் ஏறும் துளைக்குள் பல் குத்தும் குச்சியை விட்டுத் தூசியைச் சுருட்டி வெளியே எடுப்பாள். விசைத்தறிகள் ஓடும் செல்லூர்ச் சந்து அது. எல்லார் பொருளிலும் கொஞ்சம் பஞ்சு இருக்கும்.

வயது நாற்பத்திரண்டு. மூன்றாவது ஆள் வந்தால் தெருவில்தான் நிற்க வேண்டும், அவளுடைய போன் ரிப்பேர் கடை அவ்வளவுதான். "பேட்டரி போச்சு" என்கிற பேச்சு அவளுக்கு ஆகாது. "வாங்கி ரெண்டு வாரமாகல, அதுக்குள்ள கருமாதி பண்றீகளா?" என்று கேட்பாள். வாரண்டி இருக்கும் பொருளின் முதுகைத் திறக்கவும் மாட்டாள்.

பங்குனி வெயிலில் ஒரு நாள், என் போனுக்காக நான் காத்திருந்தபோது, அவனியாபுரத்திலிருந்து மலையம்மாள் வந்தாள். கூடவே பதினேழு வயது மகள் பவதாரிணி. பிறவியிலேயே பேச்சு வராத பெண். காது நன்றாகக் கேட்கும். டேப்லெட்டில் படங்களைத் தொட்டால் அது அவளுக்காக வார்த்தைகளைச் சொல்லும். வாங்கிப் பன்னிரண்டு நாள்தான். மத்தியானமே அணைந்துவிடுகிறதாம்.

"விடிய விடியப் போட்டாலும் அம்பதுதான் ஏறுது தாயி. வாங்குன கடையில, அனுப்பி வைக்கணும், பதினஞ்சு நாளாகும்ங்கிறாக. அம்புட்டு நாளும் இவ எப்பிடிப் பேசுவா?"

அவள் எடுத்துக் கொடுத்த சார்ஜர் ஏதோ பழைய போனுடையது.

"இதோட வந்த சார்ஜரு எங்கக்கா?"

"அது புதுசுல்ல? பீரோவுல பத்திரமா இருக்கு."

முத்துமீனா சிரிக்கவில்லை. எவ்வளவு மின்சாரம் ஏறுகிறது என்று காட்டும் கட்டைவிரல் அளவு மீட்டர் ஒன்றை நடுவில் கோத்து, முதலில் அந்தப் பழைய சார்ஜரையும், பிறகு தன்னிடமிருந்த பெரிய சார்ஜரையும் செருகிப் பார்த்தாள். எண் மூன்று மடங்கானது. "ஏறுறதுக்கு வழி தெரிஞ்சுபோச்சு. எறங்குறதப் பாப்போம்."

எது எவ்வளவு சார்ஜைத் தின்கிறது என்ற பட்டியலைத் திறந்தாள். பாதிக்கு மேல் திரைதான். வெளிச்சம் முழுதாக இருந்தது. தொடாமல் விட்டாலும் திரை அணையாதபடி யாரோ மாற்றி வைத்திருந்தார்கள்.

"நாங்க யாரும் அதத் தொடலையே" என்றாள் மலையம்மாள்.

பழையபடி மாற்ற ஒரு நொடி போதும். முத்துமீனாவின் விரல் அதுவரை போய் நின்றது. டேப்லெட்டைத் திருப்பிப் பவதாரிணியின் முன்னால் வைத்து, "நீ மாத்துனதாம்மா? எதுக்கு?" என்று கேட்டாள்.

"அவளுக்கு இதெல்லாம்..." என்று தொடங்கிய மலையம்மாள், மகள் விரல் நகர்வதைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

பவதாரிணி படம் படமாகத் தேடினாள். "இருட்டு" என்றது டேப்லெட். வெகுநேரம் கழித்து, "எண்." அப்புறம், "நான் மெதுவாக." கடைசியில், "எல்லாரும் போய்விட்டார்கள்."

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. திரை அணைந்தால் பூட்டு எண்ணைப் போட்டுத்தான் திறக்க வேண்டும். அவள் விரல்கள் நடுங்கும். திறப்பதற்குள், எதிரே இருந்தவர்கள் எழுந்து போய்விடுவார்கள். அதனால்தான் திரை அணையாதபடி மாற்றியிருக்கிறாள்.

"நாந்தேன் பூட்டுப் போடச் சொன்னேன்" என்றாள் மலையம்மாள் மெதுவாக. "யாராச்சும் தூக்கிட்டுப் போயிட்டா என்ன பண்றதுன்னு..."

முத்துமீனா பூட்டு எண்ணை நீக்கினாள். வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்தாள். பத்து நிமிடம் தொடாவிட்டால் அணையும். இரண்டு தட்டுத் தட்டினால் உடனே விழிக்கும்படி வைத்து, பவதாரிணியையே நாலு தடவை தட்டிப் பார்க்கச் சொன்னாள். சார்ஜைத் தின்ற இரண்டு விளையாட்டுகளில் எதை எடுக்கலாம் என்று அவளிடம் கேட்டு, அவள் காட்டியதை மட்டும் நீக்கினாள். "பீரோவத் தொறந்து அந்தச் சார்ஜர வெளிய எடுங்கக்கா. அத வச்சும் நிக்கலைன்னா, கம்பெனிக்கு அனுப்பித்தேன் ஆகணும்."

மறுவாரம் நான் போனபோது அவர்களும் வந்திருந்தார்கள். "பொழுது சாயுற வரைக்கும் நாப்பது நிக்குது தாயி!" என்று மலையம்மாள் மூச்சு வாங்கச் சொன்னாள். முத்துமீனா அவளுக்குத் தலையாட்டிவிட்டு, பவதாரிணியைப் பார்த்து, "ஒனக்கு எப்பிடி இருக்கு?" என்றாள்.

பவதாரிணி சொல்லத் தொடங்கினாள். முதல் வார்த்தை, "நேற்று." இரண்டாவதைத் தேடிக்கொண்டிருக்கையில், ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் ஒருவர் வந்து நின்றார். "அக்கா, அவசரம், நம்ம போனு..."

முத்துமீனா திரும்பவில்லை. பவதாரிணியின் விரலையே பார்த்தபடி, அவரை நோக்கி உள்ளங்கையை உயர்த்தினாள். நெடுநேரம் அந்தக் கை இறங்கவில்லை.