முன்னால் போன பெட்டி

இந்த நாட்டில் காலில் போடும் சப்பாத்தைப் போலக் கட்டில் விரிப்புக்கும் அளவு உண்டு என்பது, நான் ரொறன்ரோவுக்கு வந்து மூன்று வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அதுவரை வெக்ஸ்போர்ட் பக்கத்து அடுக்குமாடியில், மாமா தந்த ஒரு பெரிய மெத்தையில், நானும் அம்மாவும் ஒன்றாகத்தான் படுத்தோம். அதன் மேல் எதை விரித்தாலும் அது விரிப்பு. எண்பத்தெட்டாம் ஆண்டு ஆவணியில், நான் சேரவிருந்த கல்லூரி, விடுதிக் கட்டில்கள் வழக்கத்தைவிட நீளமானவை, அதற்கேற்ற விரிப்புக் கொண்டுவரவும் என்று அறிவித்திருந்தது. கடைக்குப் போய் அப்படியே கேட்டேன். எவ்வளவு உயரமானவர் படுக்கப் போகிறார் என்று கடைப் பெண் விசாரித்தாள். நான்தான் என்றேன். என்னை மேலிருந்து கீழே பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அதிக தூரம் போகவேண்டி இருக்கவில்லை. நாலு மூலையிலும் இலாஸ்டிக் வைத்த ஒரு சாதாரண விரிப்பை எடுத்துத் தந்து, உனக்கு இது தாராளம் என்றாள். படித்தவர்கள் சொன்னதை விட்டுவிட்டு, கண்ணால் பார்த்தவள் சொன்னதை நம்பி நானும் வாங்கிக்கொண்டேன்.

அந்தக் கல்லூரி ரொறன்ரோவிலிருந்து கிழக்கே நீண்ட பஸ் ஓட்டம். ஒரு ஆறு, ஒரு தேவாலயம், ஒரு கடைத்தெரு, ஒரு கல்லூரி, அவ்வளவுதான் ஊர். அங்கே டொக்டரையும் இஞ்சினியரையும் உருவாக்குவதில்லை. முதல் வருடம் வரலாறு, இலக்கியம், தத்துவம், விலங்கியல் எல்லாம் கலந்து படிக்க வேண்டும். எது பிடிக்கிறது என்பதைப் பிறகு தீர்மானிக்கலாம். லிபரல் ஆர்ட்ஸ் என்று அதற்குப் பெயர். எங்களை ஸ்பொன்சர் செய்து இந்த நாட்டுக்கு எடுத்தவர் அஜக்ஸில் இருக்கும் மாமா, அம்மாவின் தம்பி. அவருக்கு இதை விளங்கப்படுத்தி எனக்கு வாய் நொந்தது.

"அப்ப முடிவிலை நீ என்னவா வருவாய்?"

"அது போகப் போகத்தான் தெரியும், மாமா."

"என்னவா வாறதெண்டு தெரியாமப் படிக்கிறதுக்கு வீட்டை விட்டுப் போகவேணுமோ? உந்தப் படிப்பை இஞ்சை இருந்தே படிக்கலாமே!"

நியாயமான கேள்விதான். என்னிடம் இருந்த பதிலை மாமாவிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. சித்திரையில் கல்லூரியைப் பார்க்கப் போனபோது ஒரு வகுப்பில் இருக்க விட்டார்கள். ஒரே ஒரு பெரிய மேசை. அதைச் சுற்றி மாணவர்கள், அவர்களோடு மாணவர் போலவே தாடிக்காரப் பேராசிரியர். வாசித்த பக்கத்தைப் பற்றி ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டு வந்தவர், ஓரத்தில் விருந்தாளியாக இருந்த என்னையும் பார்த்து, "நீ என்ன நினைக்கிறாய்?" என்றார். நான் படித்த ஸ்காபரோ பள்ளிக்கூடத்தில் என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. எங்கிருந்து வந்தாய், குளிர் பழகிவிட்டதா என்பதோடு எல்லோருக்கும் என்னைப் பற்றிய சந்தேகங்கள் தீர்ந்துவிடும். அன்று என்ன சொன்னேனோ ஞாபகமில்லை. தட்டுத் தடுமாறி நான் சொல்லி முடிக்கும்வரை எல்லோரும் காத்திருந்தார்கள் என்பது மட்டும் ஞாபகம். அந்த மேசைக்குத் திரும்பிப் போகவேண்டும் என்ற பிடிவாதம் எனக்குள் குந்திவிட்டது.

அம்மா ஓம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை முடிந்து வந்து, எனக்குச் சோறு போட்டபடி, "பாப்பம்" என்பார். கோடை முழுக்கப் பாப்பம்தான். அப்பா நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே காய்ச்சலில் போய்விட்டார். அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் ஒரு நாளும் பிரிந்து படுத்ததில்லை. அம்மா மறித்தால் நான் போகமாட்டேன். அது அவருக்கும் தெரியும். மறிக்கப் போகிறார், நாள் பார்க்கிறார் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நாள் பார்ப்பது என்று சும்மா சொல்லிவிட்டேன். உண்மையில் அம்மா நாள் பார்ப்பதை விட்டு ஐந்து வருடம். ஊரில் இருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை, இங்கே வளரும் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் பயணம் போகும் நாள் சரியில்லை என்றால், அதற்கு முன்பு வரும் ஒரு நல்ல நேரத்தில் பெட்டியைக் கட்டி அயல்வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவோம். பெட்டி வாசலைத் தாண்டிய நேரம்தான் பயணம் தொடங்கிய நேரம். பிறகு ஆள் எப்போது புறப்பட்டாலும் குற்றமில்லை. ஒரே ஒரு நிபந்தனை உண்டு. வைத்த பெட்டி திரும்ப வீட்டுக்குள் வரக்கூடாது. வந்தால் பயணம் கெட்டது.

எண்பத்துமூன்று ஆடியில் நாங்கள் கொழும்பில், வெள்ளவத்தையில் இருந்தோம். அம்மா அங்கே ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பித்தார். விடுமுறைக்கு யாழ்ப்பாணம் போக ரயிலில் இடம் பதிந்திருந்தோம். போகும் நாள் அட்டமி. ஆகவே அம்மா நேரத்தோடு எங்கள் பெட்டியை மதிலுக்கு அந்தப் பக்கத்து மாலினி அக்கா வீட்டில் வைத்தார். மாலினி அக்கா சிங்களவர். அம்மாவின் வழக்கம் அவருக்குப் பழகிப்போனது. பெட்டியைக் கண்டதும் சிரித்துக்கொண்டு தன் பின்னறையைத் திறந்துவிடுவார். அந்தப் பெட்டிக்குள், யாழ்ப்பாணத்தில் போடுவதற்கென்று எனக்குத் தைத்த மஞ்சள் சட்டை இருந்தது. ரயில் நாளுக்கு முன்பே கலவரம் வந்து எங்கள் தெரு எரிந்தது. எங்கள் வீடும் எரிந்தது. மாலினி அக்கா எங்களை அதே பின்னறையில், அதே பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டிக் காப்பாற்றினார். அங்கிருந்து அகதி முகாமுக்கு நடக்கும்போது, கையில் பெட்டி இருந்தால் ஓடுகிற தமிழர் என்று தெரிந்துவிடும் என்பதால் அதை விட்டுவிட்டு நடந்தோம். முகாமிலிருந்து கப்பலில் காங்கேசன்துறை. யாழ்ப்பாணத்துக்கு எப்படியோ போய்ச் சேர்ந்துவிட்டோம். முன்னால் போன பெட்டிதான் வரவில்லை.

அதன் பிறகு அம்மா பஞ்சாங்கத்தைத் தொடவில்லை. கனடாவுக்கு விமானம் ஏறிய நாள் என்ன திதி என்றுகூடக் கேட்கவில்லை. "நாள் பாத்துப் போன வடிவு காணும், இனிப் போதும்" என்று ஒரே வசனத்தில் முடித்துவிடுவார். அதனால்தான், கல்லூரிக்குப் போகும் வாரத்தில் அம்மா மாமாவுக்கு ரெலிபோன் எடுத்து, "தம்பி, உன்னட்டைப் பஞ்சாங்கம் இருக்கெல்லோ? சனிக்கிழமை எப்பிடியெண்டு பார்" என்றபோது, நான் குசினியில் கழுவிய கோப்பையோடு அப்படியே நின்றுவிட்டேன்.

சனிக்கிழமை சரியில்லை. ஆனால் மாமாவின் பஞ்சாங்கம் யாழ்ப்பாணத்து நேரத்துக்குக் கணித்தது. அதிலிருந்து ஒன்பதரை மணித்தியாலத்தைக் கழிக்க வேண்டுமா, அல்லது எந்த ஊரில் உதித்தாலும் உதயம் உதயம்தானா என்று அக்காவும் தம்பியும் நெடுநேரம் வாதாடினார்கள். போகவே வேண்டாம் என்ற மாமாதான் இதில் மும்முரமாக நின்றார். கடைசியில், எந்தக் கணக்கில் பார்த்தாலும் புதன் காலை தப்பாது என்று முடிவானது.

எங்கள் கதவுக்கு நேர் எதிர்க்கதவு டொரதியுடையது. எழுபது தாண்டிய, தனியாக இருக்கும் வெள்ளைக்கார அம்மா. எங்கள் முதல் பனிக்காலத்தில் என் வெறுங்கைகளைப் பார்த்துவிட்டுக் கையுறை பின்னித் தந்தவர். அவரும் அம்மாவும் லிஃப்டில் சந்தித்தால் குளிரைப் பற்றியோ வெயிலைப் பற்றியோ பேசுவார்கள். இருவருக்கும் பொதுவான ஆங்கிலம் அத்தோடு சரி. புதன் காலை நான் விரிப்புக் கடையில் நின்ற நேரத்தில், அம்மா என் பெட்டியை இழுத்துக்கொண்டு போய் டொரதியின் கதவைத் தட்டியிருக்கிறார். என் மகள் போகிறாள், இதை நீ வைத்திரு, இது திரும்பவும் என் வீட்டுக்குள் வரக்கூடாது என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் தெளிவாகவும் கண்டிப்பாகவும் சொல்லியிருக்கிறார். முகத்தில் சிரிப்பு இருந்திருக்காது. நல்ல காரியம் செய்யும்போது அம்மா சிரிப்பதில்லை.

விரிப்போடு நான் லிஃப்டிலிருந்து இறங்கினால், கொரிடோரில் என் பெட்டி. ஒரு பக்கம் நின்று டொரதி அதை எங்கள் வீட்டுக்குள் தள்ளுகிறார். மறுபக்கம் அம்மா, கதவு நிலையில் இரண்டு கைகளையும் ஊன்றி, முழங்காலால் பெட்டியை மறித்துக்கொண்டு, "நோ! நோ இன்சைட்!" என்று கத்துகிறார்.

"அவள் என்னதான் செய்திருந்தாலும் உன் பிள்ளை," என்றார் டொரதி. "உட்கார்ந்து பேசுங்கள்."

"ஷீ கோ! ஷீ மஸ்ட் கோ!" என்றார் அம்மா.

டொரதி என்னைக் கண்டதும் பெட்டியை விட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். பயப்படாதே, என்னிடம் ஒரு அறை சும்மா கிடக்கிறது என்றார். தன் அக்காவை அவர்களுடைய அப்பா இப்படித்தான் ஒரு பெட்டியோடு வாசலில் விட்டதாகவும், அன்றைக்கு அந்தத் தெருவில் ஒரு கதவும் திறக்கவில்லை என்றும் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை.

அந்தக் கொரிடோரில் நின்றபடி அட்டமியையும் அயல்வீட்டையும் ஆங்கிலத்தில் விளங்கப்படுத்தினேன். நான் எடுத்த முதல் லிபரல் ஆர்ட்ஸ் வகுப்பு அதுதான் என்று இப்போது பகிடியாகச் சொல்வதுண்டு. அப்போது பகிடியாக இருக்கவில்லை. அம்மாவின் முகம் வெளிறிப்போயிருந்தது.

"பிள்ளை, வடிவாப் பார். சில்லு உள்ளுக்கு வந்திட்டுதோ?"

கதவடியில் ஒரு உலோகத் தகடு பதித்திருக்கும். குனிந்து பார்த்தேன். பெட்டியின் முன்பக்கச் சக்கரம் தகட்டை முட்டிக்கொண்டு நின்றது. தாண்டவில்லை.

"இல்லை அம்மா. வெளியிலைதான் நிக்குது."

"நான் விட்டாத்தானே," என்றார் அம்மா, மூச்சு வாங்கியபடி.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. என்னை மறிக்க அம்மா ஒரு சொல்லும் சொல்லத் தேவையில்லை. ஒரு எட்டுப் பின்னால் நகர்ந்திருந்தால் போதும். பெட்டி உள்ளே வந்திருக்கும், பயணம் கெட்டிருக்கும், பழியும் டொரதியோடு போயிருக்கும். கோடை முழுக்க வாய் திறக்காத மனுஷி, தன் உடம்பை வாசலில் போட்டு, நான் திரும்பி வருவதை மறித்துக்கொண்டு நின்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. என் அழுகையைக் கண்டு டொரதிக்குத் திரும்பவும் சந்தேகம் வந்துவிட்டது.

இது உள்ளே வருவதில் அப்படி என்ன இருக்கிறது என்று அவர் அம்மாவிடமே கேட்டார். அம்மா என்னை மொழிபெயர்க்க விடவில்லை. முன்பும் ஒரு பெட்டி வைத்தேன், கொழும்பில், பக்கத்து வீட்டில், இன்னும் அங்கேதான் இருக்கிறது என்று தன் ஆங்கிலத்தில் ஒவ்வொரு சொல்லாக வைத்தார். ரொறன்ரோவில் அம்மா இதை யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை. டொரதி பெட்டியைத் திருப்பித் தன் வீட்டுக்குள் இழுத்துக்கொண்டு போனார்.

அதன் பிறகு சனிக்கிழமை வரைக்கும் நான் ஒரு விசித்திரமான பிறவியாக இருந்தேன். உடுப்பு, புத்தகம், பல் துலக்கும் பிரஷ் எல்லாம் எதிர்வீட்டில். கணக்குப்படி நான் போய்விட்டேன். ஆனால் அம்மாவின் பக்கத்தில் அதே மெத்தையில்தான் படுத்திருந்தேன். பக்கத்தில் இருக்கும் ஆளை நினைத்து ஏங்க முடியுமா என்று யாராவது கேட்டால், முடியும் என்பேன். அம்மா என் தலைமயிரைக் கோதிக்கொண்டே என்னை நினைத்து ஏங்கினார். நானும் அவரை நினைத்து ஏங்கினேன்.

சனிக்கிழமை மாமா காரோடு வந்தார். அம்மா வர மறுத்துவிட்டார்.

"போகேக்கை சரி. திரும்பி வரேக்கை உன்ரை சீற் வெறுமையாக் கிடக்கும். அதைப் பாத்துக்கொண்டு அவ்வளவு தூரம் என்னாலை வரேலாது."

டொரதி தன் வாசலில் நின்று பெட்டியைத் தந்தார். அம்மா தன் வாசலில் நின்றார். இரண்டு கதவுக்கும் நடுவில் நின்று, "போட்டு வாறன்" என்றேன். "ஓம், போட்டு வா" என்றார் அம்மா. 401 நெடுஞ்சாலையில் மோர்னிங்சைட் பலகை போய், அஜக்ஸ் பலகை போய், வயல்கள் தொடங்கின. அப்போது மாமா, "என்னவா வந்தாலும் பரவாயில்லை, நேரத்துக்குச் சாப்பிடு" என்றார்.

விரிப்பு கட்டிலுக்கு அளவாக இல்லை. கல்லூரி சொன்னதுதான் சரி, கடைப் பெண் சொன்னது பிழை. மூன்று மூலையை மாட்டினால் நாலாவது கழன்றுவிடும். இதை நான் அம்மாவுக்குச் சொல்லவில்லை. அந்த மேசை நான் நினைத்தது போலவே இருக்கிறது, அதைச் சொன்னேன். அங்கே நான் பேசுகிறேன், காத்திருந்து கேட்கிறார்கள். பேசி முடித்துவிட்டு ஆற்றங்கரையால் நடந்து வரும்போது, கேட்டவர்களில் ஒருவருக்கும் "பாப்பம்" என்றால் என்னவென்று தெரியாதே என்று தோன்றும்.

இப்போது மார்கழி. கிறிஸ்மஸ் விடுமுறைக்கு நாளைக்கு வீட்டுக்குப் போகிறேன். போன கிழமை அம்மா ரெலிபோனில், "வெள்ளிக்கிழமை மரணயோகமாம். வியாழன் பின்னேரம் பெட்டியை எங்கையாவது வை" என்றார்.

"வீட்டை வாறதுக்குமோ, அம்மா?"

"வீட்டை வாறதெண்டாலும் பயணம் பயணம்தானே."

அந்தச் சொல் என்னைச் சுட்டது. அவர் கவனிக்கவில்லை. "டொரதி ஒவ்வொரு நாளும் கேக்கிறா, மற்றப் பெட்டியை எடுக்க எப்ப போறியள் எண்டு. நான் என்னெண்டு சொல்ல?" என்றார்.

இன்று பின்னேரம் எதிர் அறைப் பெண்ணின் கதவைத் தட்டிப் பெட்டியை வைத்துவிட்டு வந்தேன். மறந்தும் திருப்பித் தராதே என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். வெறும் அறையில், ஒரு மூலை கழன்ற விரிப்பில் இருந்துகொண்டு இதை எழுதுகிறேன். எனக்கு இரண்டு பெட்டிகள். இரண்டும் நல்ல நேரம் பார்த்துப் புறப்பட்டவை. ஒன்றை நாளைக்கு எடுத்துக்கொண்டு ரொறன்ரோ பஸ் ஏறுவேன். மற்றது மாலினி அக்காவின் பின்னறையில், இனி எனக்கு அளவாகாத மஞ்சள் சட்டையோடு, நான் வருவேன் என்று இருக்கிறது. அம்மாவின் கணக்கில் அந்தப் பயணம் இன்னும் கெடவில்லை. பெட்டி திரும்பி வருவதற்கு எங்கள் வீடுதான் இல்லை.