எங்கள் வீட்டு இரண்டு எண்ணெய்கள்

என் மனைவியிடம் எதைப் பற்றியும் ‘காய்ந்துபோய்விட்டது’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். உதடு, குதிகால், முடி, தோல்பை, மரக்கரண்டி, எதுவாக இருந்தாலும் சரி, நீங்கள் சொல்லி முடிப்பதற்குள் அவள் கையில் தேங்காய் எண்ணெய் பாட்டில் வந்திருக்கும். எங்கிருந்து வருகிறது என்று இத்தனை வருடம் குடித்தனம் நடத்தியும் எனக்குப் பிடிபடவில்லை.

வீட்டின் முன்னறையில் அவள் அழகு நிலையம் வைத்திருக்கிறாள். பெரிதாகக் கற்பனை செய்துகொள்ளாதீர்கள். ஒரு சுழல் நாற்காலி, ஒரு ஆளுயரக் கண்ணாடி, முடி உலர்த்தும் டிரையர் இரண்டு, காத்திருப்பவர்கள் உட்கார ஒரு பெஞ்சு. அலமாரியில் கலர் கலராக கிரீம் டப்பாக்கள் உண்டு. அவற்றைக் காட்டி யாராவது கேட்டால், “அதெல்லாம் பாக்கறதுக்கு. வேலைக்கு இதுதான்” என்று அந்த பாட்டிலைத்தான் எடுப்பாள். முகத்தில் பூசிய மேக்கப்பைப் பஞ்சில் எண்ணெய் தொட்டு எடுப்பாள். கண் மை கரைந்து வரும்போது, “பாத்தீங்களா, எரிஞ்சுதா? எரியாது” என்று தானே கேள்வி கேட்டுத் தானே பதிலும் சொல்லிக்கொள்வாள். தெருவில் அவளுக்குப் பெயரே ‘எண்ணெய்க்கா’தான்.

நான் தையல் மெஷின் மெக்கானிக். அதே வீட்டின் பின்னறையில் என் பட்டறை. என்னிடமும் எண்ணெய் உண்டு. ஆனால் அது மெஷின் ஆயில். தண்ணீர் மாதிரி தெளிவாக, சாதுவாக இருக்கும். எந்தக் குளிரிலும் இறுகாது. கல்யாணமான புதிதிலேயே நான் கறாராகச் சொல்லிவிட்டேன்: “உன் எண்ணெய் முன்னறையோட இருக்கணும். என் ஆயில் பின்னறையோட இருக்கணும்.” அவளும் தலையை ஆட்டினாள். என் மனைவி தலையை ஆட்டினால் என்ன அர்த்தம் என்று அப்போது எனக்குத் தெரியாது.

சும்மா சொல்லக்கூடாது, அவளுடைய எண்ணெய் பல இடங்களில் என் மானத்தை வாங்கியிருக்கிறது. மேல்மாடிக்காரருக்கு ஒருநாள் மோதிரம் விரலில் மாட்டிக்கொண்டது. விரல் வீங்கி, மனிதர் அழாத குறையாக என்னிடம் ஓடி வந்தார். வெட்டித்தான் எடுக்க வேண்டும் என்று நான் தீர்ப்பே சொல்லிவிட்டு கட்டிங் பிளேயரைத் தேடப் போனேன். திரும்பி வந்தால் மோதிரம் மேசைமேல் இருக்கிறது, மேல்மாடிக்காரர் காபி குடித்துக்கொண்டிருக்கிறார். இவள் விரலில் எண்ணெயை விட்டு, பேச்சுக் கொடுத்துக்கொண்டே சுழற்றிக் கழற்றிவிட்டாள். நான் பிளேயரும் கையுமாக அசடு வழிய நின்றேன்.

எங்கள் பொண்ணு ஒருநாள் முடியில் சூயிங்கத்தோடு பள்ளியிலிருந்து வந்தாள். கத்தரிக்கோல் தேவைப்படவில்லை, எண்ணெய் தடவிச் சீப்பால் வாரியதும் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. புதுப் பாத்திரத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பிய்த்த பிறகு பிசுபிசுவென்று ஒரு பசை நிற்குமே, அதற்கும் இதுதான். என் பழைய தோல் பைக்கு, கிறீச்சிடும் கதவுக்கு, காய்கறி நறுக்கும் பலகைக்கு, எல்லாவற்றுக்கும் மாசத்துக்கு ஒருமுறை எண்ணெய்க் குளியல் உண்டு. ஒரே ஒருமுறை மர நாற்காலிக்குப் பளபளப்பு ஏற்றுகிறேன் என்று தாராளமாகத் தேய்த்துவிட்டாள். அன்றைக்கென்று என் மாமனார் வெள்ளை வேட்டியோடு வந்து அதில் உட்கார்ந்தார். “உங்க அப்பாதானே, நீயே சொல்லு” என்று நான் பின்னறைக்குள் போய்விட்டேன்.

அவளால் ஜெயிக்க முடியாத ஒரே இடம் என் கை. மெஷின் பாகங்களை மண்ணெண்ணெயில் கழுவிக் கழுவி என் விரல் நுனியெல்லாம் வெடித்துக் கிடக்கும். சாப்பிடும்போது உப்புப் பட்டால் சுரீரென்று இருக்கும். “ஒரு சொட்டு தடவிக்கோங்களேன்” என்று பின்னாலேயே வருவாள். “ஸ்க்ரூடிரைவர் வழுக்கும், போ” என்று விரட்டிவிடுவேன். உண்மையில் வழுக்குவதெல்லாம் ஒரு சாக்கு. ஒரு இடத்திலாவது நான் தோற்காமல் இருக்க வேண்டாமா?

இப்படி இருக்கும்போதுதான் இரண்டு தெரு தள்ளி இருந்த தையல்கூடத்தில் நிரந்தரமாக ஒரு மெக்கானிக் வேண்டும் என்று சேதி வந்தது. கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக அலைந்து என் முழங்கால் இரண்டும் கெஞ்ச ஆரம்பித்திருந்த நேரம். ஒரே கூரைக்குக் கீழே பன்னிரண்டு மெஷின், உட்கார ஒரு நாற்காலி, மாதம் பிறந்தால் சம்பளம். எனக்கு வேறென்ன வேண்டும்? ஆனால் அந்த முதலாளியம்மா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற ரகம். “ஒரு வாரம் பாக்கறேன். ஆஸ்பத்திரி யூனிஃபார்ம் தெச்சிட்டிருக்கோம், நாளைக்கு சாயங்காலம் வண்டி வருது. மெஷின் நிக்காம ஓடிச்சுன்னா வேலை உங்களுக்கு. இல்லன்னா நான் வேற ஆளைப் பாத்துக்கறேன்” என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்.

அன்று மாலையே, தையல்காரப் பெண்கள் கிளம்பிய பிறகு நான் போனேன். பன்னிரண்டு மெஷினையும் ஒவ்வொன்றாகத் திறந்து, நூல் பிசிறு எடுத்து, துடைத்து, ஆயில் விட்டு, கைச்சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தேன். எல்லாம் பூப்போலச் சுழன்றன. முதலாளியம்மாவே ஒன்றைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். அவர் ஒன்றும் சொல்லாவிட்டால் பாராட்டு என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். வீட்டுக்கு வந்து, “வேலை கெடைச்ச மாதிரிதான்!” என்று மார்தட்டினேன். என் மனைவி சிரித்தாள். அந்தச் சிரிப்பில் ஏதோ ஒரு கள்ளத்தனம் இருந்தது. சந்தோஷத்தில் நான் கவனிக்கவில்லை.

அன்று ராத்திரி மழை பெய்து, விடியும்போது குளிர் எலும்பைத் தொட்டது. பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது போன்.

“உடனே வாங்க. ஒரு மெஷின்கூட சுத்த மாட்டேங்குது” என்றார் முதலாளியம்மா.

“ஒண்ணு ரெண்டா அம்மா?”

“நான் என்ன சொல்றேன்? ஒண்ணுகூட!”

வாய் கொப்பளித்தேனா இல்லையா என்றுகூட நினைவில்லை. ஓடினேன். பெண்கள் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு மெஷினின் கைச்சக்கரத்தைப் பிடித்துத் திருப்பினேன். அசையவில்லை. மூடியைத் திறந்தேன். இடுக்கெல்லாம் வெள்ளையாக, மெழுகு மாதிரி ஏதோ படிந்திருந்தது. விரலால் வழித்தேன். விரல் சூட்டில் அது உருகி வெடிப்புக்குள் இறங்கியது. எரியவில்லை.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

வாசனை தெரியவில்லையா என்று கேட்பீர்கள். கேளுங்கள், நியாயம்தான். என் சட்டையில் அந்த வாசனை, தலையணையில் அந்த வாசனை, என் பொண்ணு நோட்டுப் புத்தகத்தில்கூட அந்த வாசனை. மீன் விற்கிறவருக்கு மீன் வாசனை தெரியுமா? அந்தக் கூடத்திலேயே மூத்த தையல்காரி ஒருத்தி, “காலையில கதவைத் தெறந்ததும் கமகமன்னு இருந்துச்சு. எனக்குப் பசியே எடுத்திடுச்சு” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். முதலாளியம்மா சிரிக்கவில்லை.

வெளியே வந்து வீட்டுக்கு போன் போட்டேன். “என் ஆயில் கேனை நீ தொட்டியா?”

அந்தப் பக்கமிருந்து, “திட்டாதீங்க” என்று வந்தது. திட்டுவதற்கு முன்னாலேயே அவள் அப்படிச் சொன்னால் விஷயம் பெரிசு.

“நேத்து நீங்க குளிக்கப் போனப்ப கேனைத் தூக்கிப் பாத்தேங்க. காலி. இருந்த படபடப்புல நீங்க அதைப் பாக்கவே இல்ல. மொத நாளே அங்க போய் காலி கேனை வெச்சிக்கிட்டு நிக்கணுமேன்னு...”

“பக்கத்துலயே டின் நிறைய ஆயில் இருந்துச்சே! அதை ஊத்தறதுக்கென்ன?”

“அந்த மூடி இறுகிப் போச்சு. எனக்குத் தெறக்க வரல.”

“எண்ணெய் தடவித் தெறந்திருக்கலாமே!” என்று கத்தினேன். தெருவில் போன ஒருவர் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

“எங்கிட்ட சொல்லித் தொலைக்கறதுக்கென்ன?” என்றேன், குரலைக் கொஞ்சம் இறக்கி.

“சொன்னா ஊத்த விட்டிருப்பீங்களா?” என்றாள். அது வாஸ்தவம். “என்ன ஆச்சுங்க? கட்டியாயிடுச்சா?”

“கல்லாயிடுச்சு. வேலை போச்சு. உனக்குத் திருப்திதானே?”

அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம். அவள் போனை வைத்துவிட்டாள். நான் உள்ளே போய் முதல் மெஷினைப் பிரித்துத் துடைக்க ஆரம்பித்தேன். ஒன்றைப் பிரித்துத் துடைத்துப் பூட்டுவதற்குள் மதியம் ஆகிவிடும். பன்னிரண்டையும் முடிப்பதற்குள் வண்டி வந்து, நின்று, வெறுமையாகவே திரும்பிப் போயிருக்கும். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

கொஞ்ச நேரத்தில் வாசலில் ஒரே களேபரம். நிமிர்ந்து பார்த்தால் என் மனைவி நிற்கிறாள். இரண்டு கையிலும் இரண்டு டிரையர், கக்கத்தில் இடுக்கிய என் ஆயில் டின். பின்னால் அவளுடைய வாடிக்கையாளர் ஒரு பெண், தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, முகத்தில் பாதி பூசிய பச்சைப் பூச்சோடு. அவள் கையிலும் ஒரு டிரையர், அவள் வீட்டுச் சொந்த டிரையர்.

“யாருங்க இவங்கல்லாம்?” என்றார் முதலாளியம்மா.

“இவர் வீட்டுக்காரிங்க. இவங்க என் கஸ்டமர். பாதியில விட்டுட்டு வர மனசு வரல, கூட்டிட்டு வந்துட்டேன்” என்றாள் என் மனைவி. “உங்க மெஷின்ல இருக்கறது தேங்காய் எண்ணெய். ஊத்தினது நான். குளிர்ல கட்டியாகும், சூடு காட்டினா உருகிடும். எங்க வீட்ல காலையில பாட்டிலை இப்படித்தான் உருக்குவேன். பிளக் எங்க இருக்கு?”

நான் பூமி பிளந்து உள்ளே போய்விடக்கூடாதா என்று பார்த்தேன். அவளோ முதல் மெஷினின் வயிற்றுக்குள் சூடான காற்றை அடிக்க ஆரம்பித்துவிட்டாள். மூன்று டிரையரையும் ஒரே நேரத்தில் போட்டதும் டப்பென்று கரண்ட் போனது. ஃபியூஸைப் போட்டுக் கொடுத்துவிட்டு, “ரெண்டுதான் போடணும், மூணாவதைத் தொட்டா எனக்குக் கெட்ட கோபம் வரும்” என்றேன். “உங்களுக்கு நல்ல கோபம்னு ஒண்ணு இருக்கா?” என்று கேட்டாள். மூத்த தையல்காரி வாயைப் பொத்திக்கொண்டாள்.

கைச்சக்கரம் முதலில் முனகியது, பிறகு அசைந்தது, பிறகு சுற்றியது. அவள் உருக்கிக்கொண்டே முன்னால் போனாள். நான் பின்னாலேயே உருகிய எண்ணெயைத் துணியால் ஒற்றி எடுத்து, அது மறுபடி இறுகுவதற்குள் என் ஆயிலை விட்டுக்கொண்டே போனேன். பச்சை முகத்துக்காரி பழைய துணிகளைக் கிழித்துக் கிழித்துக் கொடுத்தாள். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு வேலை செய்தது அதுதான் முதல் தடவை. அவள் என்னை விட வேகம். எனக்கு ஆத்திரமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

நடுவில் ஒரு வெள்ளைச் சட்டைமேல் ஒரு சொட்டு விழுந்துவிட்டது. முதலாளியம்மாவின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. என் மனைவி இடுப்புப் பையிலிருந்து முகத்துக்குப் போடும் பவுடரை எடுத்து அந்த இடத்தில் கொட்டினாள். “இது எண்ணெயை உறிஞ்சட்டும். அப்புறம் உதறிட்டு சோப்பு போட்டுத் துவைச்சா கறை இருந்த எடமே தெரியாது. இந்த வித்தையெல்லாம் எங்க அப்பா வேட்டியில கத்துக்கிட்டதுங்க” என்றாள்.

மதியத்துக்கு முன்பே கடைசி மெஷினும் ஓட ஆரம்பித்தது. பெண்கள் சாப்பாட்டு நேரத்தைக்கூடச் சுருக்கிக்கொண்டு தைத்தார்கள். கடைசிச் சட்டைக்குப் பொத்தான் வைக்கும்போது வண்டி வாசலில் ஹாரன் அடித்தது. மூட்டைகள் ஏறி, வண்டி தெருமுனையில் திரும்பும்வரை முதலாளியம்மா வாசலிலேயே நின்றார். பிறகு எங்களைப் பார்த்தார்.

“சரி. இதுல தப்பு யாரோடது?”

“என்னோடதுங்க” என்றாள் அவள். “ஊத்தினது நான்.”

“என்னோடது” என்றேன் நான். “கேன்ல என்ன இருக்குன்னு பாக்காம ஊத்தற மெக்கானிக் எங்கயாவது உண்டா?” அது வாயில் எப்படி வந்தது என்று தெரியவில்லை. காலையில் போனில் நான் பேசிய பேச்சு உறுத்திக்கொண்டே இருந்தது, அதுதான் காரணமாக இருக்கும்.

முதலாளியம்மா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். “மெஷின் நின்னா தப்பை அடுத்தவங்க தலையில கட்டற மெக்கானிக்குங்களத்தான் இதுவரைக்கும் பாத்திருக்கேன்” என்றார். “பாக்கி நாளெல்லாம் பாக்க வேண்டாம். நாளையிலேருந்து வேலைக்கு வந்துடுங்க. ஆனா ஒண்ணு, கேனை மொதல்ல நான் மோந்து பாப்பேன்.”

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். இல்லை. இன்றைக்கும் நான் ஆயில் விடுவதற்கு முன்னால் அவர் கேனை வாங்கி மூக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுக்கிறார்.

அன்று வீட்டுக்கு நடந்து வரும்போது, “காலையில நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது” என்றேன். “எப்படி?” என்று ஒன்றும் தெரியாதவள் போலக் கேட்டாள். விவரமாகச் சொல்ல வைத்துத்தான் விட்டாள். அப்புறம் பச்சை முகத்துக்காரிக்கு மீதி வேலையை முடித்து அனுப்பினாள். நாற்காலி காலியானது. நான் போய் அதில் உட்கார்ந்தேன். என் வீட்டிலேயே இருக்கிற நாற்காலி, அதுவரை நான் உட்கார்ந்ததே இல்லை. இரண்டு கையையும் நீட்டினேன்.

பாட்டிலில் எண்ணெய் இன்னும் பாதி இறுகித்தான் இருந்தது. அவள் குச்சியால் கொஞ்சம் எடுத்து, தன் உள்ளங்கையில் தேய்த்து உருக்கி, என் விரல் ஒவ்வொன்றாகப் பிடித்துத் தடவினாள்.

டியூஷன் முடிந்து வந்த எங்கள் பொண்ணு பள்ளிப் பையைக்கூட இறக்காமல் வாசலிலேயே நின்று அதைப் பார்த்தாள். “என்னப்பா, நீங்களும் காஞ்சுபோயிட்டீங்களா?”

“ஆமாம்மா” என்றேன். “ரொம்ப நாளாச்சு. உங்கம்மாகிட்ட இப்பத்தான் சொல்றேன்.”