நான் விடாத காலி வரி

எனக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத்தான் வரும், எழுத வராது. அதனால் ஸ்ரீரங்கத்து வீட்டில் உட்கார்ந்து என் கதையைப் போனிடம் சொன்னேன். சொந்தக்காரர்களுக்குக் கொடுக்க அதைச் சின்னப் புத்தகமாகப் போடலாம் என்று மகன் சொல்லியிருந்தான். நான் மூச்சு வாங்கிய இடத்திலெல்லாம் போன் வரியை உடைத்து வைத்திருந்தது. பார்க்க, நறுக்கிப் போட்ட வெண்டைக்காய் மாதிரி.

மருமகளுக்குக் கம்ப்யூட்டர் வேலை. லேப்டாப்பில் ஒரு கறுப்புத் திரையைத் திறந்து ஒரே ஒரு கட்டளை அடித்தாள். உடைந்ததெல்லாம் சேர்ந்துகொண்டது.

“எல்லாத்தையும் ஒட்டிருச்சா?”

“காலி வரி இருந்தா அங்க மட்டும் சேர்க்காதேன்னு சொல்லியிருக்கேன் அத்தை. அங்க புதுப் பத்தி.”

தாளில் எடுத்துக் கொடுத்தாள். விரல் வைத்துப் படித்தேன். ‘காலையில் என் வீட்டுக்காரரைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோனார்கள்’ என்று முடிந்ததும் விரல் வெறும் தாளில் நின்றது. அடுத்த பத்தியில்தான், ‘சாயங்காலம் மண்வெட்டியோடு வாய்க்காலுக்குப் போனேன்’ என்றிருந்தது.

“இங்க நான் இடம் விடலையே?”

“நான்தான் விட்டேன் அத்தை. கொஞ்ச நாள் கழிச்சுப் போன மாதிரி இருக்கட்டுமேன்னு.”

“ஊர்ல அப்பப் பேசினது போதாதாம்மா? அச்சுல வேற போடணுமா?” என்றான் மகன்.

பேசினார்கள்தான். தாலி இறக்கும் முன்னே மண்வெட்டி எடுத்தவள் என்றார்கள். ஜீயபுரத்தில் அன்றைக்கு எங்கள் தோட்டத்துக்கு முறைத் தண்ணீர். விட்டால் அடுத்த முறை வரும்வரை வாழை காய வேண்டியதுதான். அவர் நட்ட வாழை, குலை தள்ளுகிற நேரம். துக்கம் கேட்க வந்தவர்களில் ஒருத்தராவது மடை திறந்துவிட வந்தாரா? அந்தக் குலைகளை விற்றுத்தான் இவன் பள்ளிக்கூடம் போனான்.

“அழுதுக்கிட்டேதான்டா மடையைத் திறந்தேன். ஒரு நாள் உட்கார்ந்து அழ எனக்கு எவன் இடம் விட்டான்? இப்ப நீங்க ஏன் விடுறீங்க? சேர்த்துரும்மா அதை.”

மகன் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டான். மருமகள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு அந்தக் காலி வரியை எடுத்துவிட்டு, கட்டளையை மறுபடி ஓட்டினாள்.

“சேர்ந்துருச்சு அத்தை. நீங்களே பாருங்க.”

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன். அவரைக் கொண்டுபோன காலையும் நான் தண்ணீர் கட்டின சாயங்காலமும் ஒரே பத்தியில், அன்றைக்கு இருந்த மாதிரியே. எழுத்துக்கூட்டி, நடுவில் நிற்காமல், பால்கனிக்குக் கேட்கிற சத்தத்தில் படித்தேன்.