வாசலில் காத்திருந்த செருப்புகள்

கணவனிடம் அடிபட்ட என் தங்கச்சியை அரியலூரில் உள்ள பெண்கள் உதவி மையத்துக்கு நடுப்பகலில் கூட்டிப்போனேன். வாசலில் ஏழெட்டு ஜோடி பழைய செருப்புகள், எல்லாம் உள்ளே பார்த்தபடி வரிசையாக இருந்தன. உள்ளே ஆளே இல்லை. நெற்றியில் தழும்போடு காவலுக்கு இருந்த அம்மா மட்டும் நின்றார்.

"இத்தன செருப்பு கெடக்கு, ஆளுங்க எங்கங்க?" என்று கத்தினேன்.

"இனிமேதான் வருவாங்க. அடி தாங்காம ஓடி வர்றவ செருப்பு மாட்டிக்கிட்டா சார் வர்றா?"

அப்போதுதான் தங்கச்சியின் வெறுங்காலைப் பார்த்தேன். ரெட்டிபாளையத்திலிருந்து பஸ்ஸில் அப்படியே கூட்டி வந்திருக்கிறேன். நானெல்லாம் ஒரு அண்ணன்! அளவு கேட்காமலே அந்த அம்மா ஒரு ஜோடியை எடுத்துப் போட்டார். அவளுக்குச் சரியாக இருந்தது.

மறுவாரம் மையத்திலேயே தங்கியிருந்த தங்கச்சியைப் பார்க்கப் போனபோது, அவள் செருப்பை எடுத்துக் காலியான அந்த இடத்தில் மூன்று வயசுக் குழந்தைக்கான ஒரு ஜோடி செருப்பு இருந்தது. அதுவும் உள்ளே பார்த்தபடி, இனிமேல் வரப்போகிற யாருக்கோ காத்திருந்தது.