மாடிக்கு ஒரு யோசனை

என் அக்காவின் கணவர் லிஃப்ட்காரர். பத்து மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றில் பழைய லிஃப்ட்டை ஓட்டுகிறார். பொத்தானை அமுக்கினால் தானாகப் போய் நிற்கிற லிஃப்ட் இல்லை அது. பித்தளைக் கைப்பிடி ஒன்றைப் பிடித்துத் திருப்பினால் ஓடும், கையை எடுத்தால் எங்கே இருக்கிறதோ அங்கேயே நின்றுவிடும். மாடியின் தரையும் லிஃப்ட்டின் தரையும் ஒட்டி வரும்போது பார்த்துக் கையை எடுக்க வேண்டும். கொஞ்சம் முன்னே பின்னே நின்றாலும் இறங்குகிறவர்கள் தடுக்கி விழுவார்கள். அத்தான் நிறுத்தினால் கோடு போட்ட மாதிரி நிற்கும் என்று அந்தக் கட்டடத்தில் சொல்வார்கள்.

நான் படிப்பை ஐந்தாம் வகுப்போடு விட்டுவிட்டு அக்கா வீட்டுக்கு வந்தவள். வந்தவள் அங்கேயே தங்கிவிட்டேன். முன்னறையில் மெஷின் போட்டுத் தலையணை உறை தைக்கிறேன். படுக்கும்போது மெஷினைச் சுவரோரம் தள்ளிவிட்டு அதே இடத்தில் பாயை விரித்துக்கொள்வேன். வாசல் கதவைத் திறந்தால் முதலில் என் காலில்தான் இடிக்கும்.

லிஃப்ட்டுக்குள் ஜன்னல் கிடையாது. வெளியே மழையா வெயிலா என்பது உள்ளே வருகிறவர்களின் குடையைப் பார்த்தால்தான் அத்தானுக்குத் தெரியும். கதவைப் பார்த்து ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். ஏறியவர்கள் அவருக்குப் பின்னால் நிற்பார்கள். அப்படியே கதவைப் பார்த்தபடி முதுகுக்குப் பின்னால் நிற்கிறவர்களோடு பேசுவார். மறந்துபோன சாப்பாட்டு டப்பாவைக் கொடுக்கப் போனபோது கேட்டிருக்கிறேன். ஒருவரோடு பேச்சை முடிக்காமலே அடுத்தவரோடு தொடங்குவார், எல்லோரும் சிரித்துக்கொண்டே இறங்கிப் போவார்கள். அதே மனிதர் தெருவில் யாராவது எதிரே வந்து நின்று "சௌக்கியமா?" என்றால் தலையை ஆட்டிவிட்டு நழுவிவிடுவார். முகத்துக்கு முகம் பார்த்தால் அவருக்குப் பேச்சு வராது. வீட்டிலும் அக்காவிடம் முக்கியமாக ஏதாவது சொல்ல வேண்டுமென்றால், சட்டை மாட்டுகிற ஆணிப் பக்கம் திரும்பிக்கொண்டுதான் சொல்வார். அக்கா அதற்கென்றே ஆணியைக் கண்ணில் படுகிற இடத்தில் அடித்து வைத்திருந்தாள்.

அந்த ஆணியைப் பார்த்துக்கொண்டுதான் ஒருநாள், வீட்டுக்குப் பின்னால் காய்கறித் தோட்டம் போடப்போவதாகச் சொன்னார். அக்கா அந்த இடத்தில் எனக்காக ஓர் அறை கட்டுவதாக நினைத்துக்கொண்டிருந்தாள். எதற்குத் தோட்டம் என்று கேட்டாள்.

"நாள் பூரா மேல போறதும் கீழ வர்றதும்தான் பாக்கறேன். ஒரு தடவையாவது மேல மட்டும் போற ஒண்ணைப் பாக்கணும்."

"அதுக்கு எதுக்குத் தோட்டம்? வீட்டுச் செலவைப் பாருங்க. அது மேல மட்டும்தான் போகுது," என்றாள் அக்கா.

ஆனாலும் விட்டுக்கொடுத்தாள். முதல் வருஷம் அத்தான் விதைப் பொட்டலத்தின் பின்னால் போட்டிருந்ததை நம்பினார். மழைக்காலத் தொடக்கத்தில் விதைக்கவும் என்று இருந்தது. விதைத்தார். மழை பெய்தது. தண்ணீர் வடிந்த பிறகு வெண்டை விதைகள் எல்லாம் சாக்கடைக் குழாயின் வாயில் வரிசையாக ஒதுங்கிக் கிடந்தன.

அடுத்த வருஷம் லிஃப்ட்டில் யோசனை கேட்கத் தொடங்கினார். அதில் ஒரு சிக்கல் இருந்தது. யார் என்ன சொன்னாலும் அவரவர் மாடி வந்ததும் இறங்கிவிடுவார்கள். முதல் மாடிக்குப் போகிறவர்கள் "இப்பவே போட்டுடுங்க" என்பதோடு சரி. நான்காவது மாடிப் பல் வைத்தியரின் உதவியாள், மழை நின்றதும் அவசரப்படக் கூடாது, ஏனென்றால் என்று ஆரம்பித்து, அந்த ஏனென்றாலோடு இறங்கிப் போய்விட்டாள். பத்தாவது மாடிக்காரர்கள்தான் காரணத்தோடு முழுதாகச் சொல்லி முடித்தார்கள். அதனால் அத்தானுக்குப் பத்தாவது மாடிக்காரர்கள்மேல் தனி மரியாதை வந்துவிட்டது. அங்கே இருந்த மேனேஜர் ஒருவர், மழை விட்ட மறுநாளே விதைத்துவிட வேண்டும், ஈரம் வீணாகக் கூடாது என்று சொன்னார். அத்தான் அப்படியே செய்தார். எல்லா விதையும் மண்ணுக்குள்ளேயே அழுகிப்போனது. அந்த மேனேஜர் வீடு ஆற்றங்கரையில் மணல் பூமியில் இருக்கிறது என்பது பிறகு வேறொரு பேச்சில் தெரியவந்தது. எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருப்பது களிமண். கால் வைத்தால் செருப்பை வாங்கி வைத்துக்கொள்ளும்.

மூன்றாவது வருஷம் மழை தொடங்கியபோது அக்கா கறாராகச் சொல்லிவிட்டாள்.

"இதுதான் கடைசி. மழை விட்டு கொத்தனார் வர்ற அன்னைக்கு அங்க ஏதாவது முளைச்சு நின்னா தோட்டம். இல்லைன்னா ரூம்."

அத்தான் ஆணியைப் பார்த்துச் சரி என்றார். என்னை யாரும் கேட்கவில்லை. நானும் தைத்துக்கொண்டிருந்தேன்.

கேட்க வேண்டிய ஆள் பக்கத்திலேயே இருந்தாள் என்பதுதான் வேடிக்கை. எங்கள் பின்சுவருக்கு அந்தப் பக்கம் பூட்டுக்கடையம்மா வீடு. வருஷா வருஷம் அவள் வீட்டு அவரைக்கொடி சுவரைத் தாண்டி எங்கள் பக்கம் எட்டிப் பார்க்கும். கடைத்தெருவில் அவளுக்குப் பூட்டுக்கடை. யாரைப் பிடித்தாலும் பேசாமல் விடமாட்டாள். ஊருக்கெல்லாம் பூட்டு விற்கிறவள் தன் வாய்க்கு ஒன்று வைத்துக்கொள்ளவில்லை என்று அக்கா சொல்வாள். அவளிடம் போய்க் கேட்க அத்தானால் முடியாது. அறை வேண்டும் என்றிருந்த அக்கா கேட்கமாட்டாள். நான் தெரியாதவர்களிடம் கடையில் மீதிச் சில்லறைகூடக் கேட்காதவள்.

மழை நடுவில் ஒருநாள் சாயங்காலம் அத்தான் வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றாமலே ஆணிப் பக்கம் திரும்பி நின்றார்.

"இன்னைக்கு லிஃப்ட்டைப் பாதியில நிறுத்திட்டேன்."

அக்கா அடுப்பைத் தணித்துவிட்டு வந்தாள். அப்படி அவர் ஒருநாளும் செய்ததில்லை.

அவர் சொன்னது இது. காலையில் பூட்டுக்கடையம்மா ஒரு கன்னம் வீங்கி, அதைக் கையால் தாங்கிக்கொண்டு லிஃப்ட்டில் ஏறியிருக்கிறாள். பல் வைத்தியரிடம் வந்தவள். போகும்போது கூட்டம். திரும்பி இறங்கும்போது அவள் மட்டும். அத்தான் கதவைப் பார்த்தபடி, அவள் வீட்டு அவரைக்கொடி நன்றாக வருகிறதே, விதை எப்போது போடுவாள் என்று கேட்டிருக்கிறார். பதில் இல்லை. மறுபடி கேட்டதற்கு "ம்" என்று ஒரு சத்தம் வந்தது. கோபம்போல இருக்கிறது என்று பேசாமல் இருந்துவிட நினைத்தார். ஆனால் இன்னொரு "ம்" இன்னும் பலமாக வந்தது. அப்போதுதான் அத்தான் ஸ்டூலில் இருந்தபடியே திரும்பிப் பார்த்தார். பல்லைப் பிடுங்கி வாய் நிறையப் பஞ்சு வைத்து அனுப்பியிருந்தார்கள்.

அவள் கையை நீட்டித் தரையிலிருந்து ஒன்றை அள்ளுவதுபோல் அள்ளி, விரல்களை இறுக்கி மூடினாள். அதை அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். மூடிய கையை மெல்லத் திறந்து, உள்ளே ஏதோ உருண்டையாக அப்படியே இருப்பதுபோல் உற்றுப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். மறுபடி அள்ளி, மூடி, திறந்தாள். இந்தத் தடவை விரல்களை உதறி உதிர்த்துக் காட்டி, சரி என்று தலையை ஆட்டினாள். அத்தான் இரண்டு கையாலும் அதையே செய்து பார்த்தார். இரண்டு கையும் அதில் இருந்ததால் கைப்பிடியில் ஒன்றும் இல்லை. லிஃப்ட் முதல் மாடிக்கும் தரைக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தது. கீழே வாட்ச்மேன் கதவைத் தட்டிய பிறகுதான் அவருக்குத் தெரிந்தது.

"வாட்ச்மேன் என்ன நினைச்சிருப்பான்?" என்றாள் அக்கா.

"மெஷின் கோளாறுன்னு சொல்லிட்டேன்."

"கோளாறு மெஷின்ல இல்ல," என்று சொல்லிவிட்டு அக்கா உள்ளே போனாள்.

மழை நின்றது. அதிலிருந்து தினமும் வேலைக்குப் போகும் முன்னும் வந்த பின்னும் அத்தான் பின்பக்கம் போய் ஒரு பிடி மண்ணை அள்ளிப் பிடித்துப் பார்ப்பார். கையைத் திறந்தால் மண் விரல் ரேகை பதிந்து கொழுக்கட்டைபோல் உட்கார்ந்திருக்கும். அதைக் கீழே போட்டுவிட்டுக் கையைக் கழுவுவார். லிஃப்ட்டில் வருகிறவர்கள் பலர், தாங்கள் விதைத்தது முளைத்தும்விட்டது என்று சொல்ல ஆரம்பித்தார்கள். அத்தான் யாரிடமும் யோசனை கேட்கவில்லை. ஏன் இன்னும் போடவில்லை என்று அவர்களாகக் கேட்டபோதும், மண் இன்னும் பதமாகவில்லை என்று சொல்லிவிட்டு மாடி எண்ணைக் கேட்டாராம்.

கொத்தனாரும் வந்தார். வந்தவர் மண்வெட்டியால் ஒரு கொத்துக் கொத்தி, அவரும் ஒரு பிடியை அள்ளிப் பிசைந்து பார்த்தார்.

"இன்னும் சேறா இருக்கும்மா. இப்ப அஸ்திவாரம் வெட்டினா சரிஞ்சுடும். காயட்டும்."

அவர் போன பிறகு அக்கா வெகு நேரம் சிரித்தாள். இரண்டு ஆண்பிள்ளைகளும் ஒரே மண்ணை வேளாவேளைக்குப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்றாள். எனக்கு அவ்வளவு சிரிப்பு வரவில்லை. மண் காய்கிற நாள் இரண்டு பேருக்கும் ஒரே நாளாகத்தான் இருக்கும். அன்றைக்கு விதைத்தால் அன்றைக்கே எதுவும் முளைத்து நிற்காது.

அப்படியேதான் ஆனது. ஒரு காலையில் அத்தான் கையைத் திறந்தபோது மண் பொலபொலவென்று உதிர்ந்தது. அவர் சத்தம் போடவில்லை. விதைப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு போய், முழங்காலிட்டு, சுவர்ப் பக்கம் அவரையும் மற்ற இடத்தில் வெண்டையும் போட்டு மூடிவிட்டு, அழுக்குக் காலோடு வேலைக்கு ஓடினார். அன்று லிஃப்ட் தாமதமாகத்தான் கிளம்பியிருக்கும்.

வெயில் ஏறியதும் கொத்தனார் கயிறும் முளைக்குச்சியுமாக வந்து நின்றார். ஒரு பிடி மண்ணை அள்ளி உதிர்த்துவிட்டு, வெட்டலாம் என்றார். பிறகுதான் புதிதாகக் கிளறிய வரிசைகளைப் பார்த்தார்.

"இது என்னம்மா, விதைச்சிருக்கா? கயிறு இதுக்கு மேலதான் போகும். கட்டறதா, வேண்டாமா?"

அக்கா வரிசைகளைப் பார்த்தபடி நின்றாள். பேசிவைத்தபடி பார்த்தால் எதுவும் முளைக்கவில்லை, அறைதான் கட்ட வேண்டும். அவள் சட்டென்று வீட்டுக்குள் திரும்பி என்னைக் கூப்பிட்டாள்.

"உனக்காகத்தான்டி இவ்வளவும். ரூம் வேணுமா வேண்டாமா, நீயே வாயைத் திறந்து சொல்லு."

நான் பின்கதவில் நின்றேன். கொத்தனார் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கையிலிருந்த கயிற்றைப் பார்த்துச் சொன்னேன்.

"வேணும். ஆனா வரிசைக்கு இந்தப் பக்கமே முடிஞ்சாப் போதும்."

"அப்படின்னா கட்டில் போட்டா மெஷினுக்கு இடம் இருக்காதே," என்றார் கொத்தனார்.

"கட்டில் வேண்டாம். ஜன்னல் அந்தப் பக்கம் வச்சுடுங்க."

அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "இதுவும் அவரும் ஒரே ரகம்," என்று கொத்தனாரிடம் சொன்னாள். அவர் முளைக்குச்சியைப் பிடுங்கி வீட்டுப் பக்கமாகத் தள்ளி அடித்தார்.

அறைச்சுவர் முழங்கால் உயரம் வந்தபோது வெண்டை இரண்டு இலை விட்டிருந்தது. சித்தாள்கள் செங்கல் சுமந்துகொண்டு அதைச் சுற்றிப் போனார்கள். அவரைக்கொடி தாமதமாக முளைத்தாலும் வேகமாக ஏறியது.

முதல் பறிப்பில் ஒரு பை அவரைக்காயைப் பூட்டுக்கடையம்மாவுக்குக் கொடுத்துவிட்டு வரும்படி அத்தான் ஆணியைப் பார்த்துச் சொன்னார். போனேன். அவளுக்கு வாய் நன்றாகக் குணமாகியிருந்தது. என்னை உட்காரவைத்து, பல் பிடுங்கிய கதையில் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னாள். நான் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

"நம்ம ரெண்டு வீடும் பள்ளம்மா. தெருத் தண்ணியெல்லாம் இங்கதான் வந்து நிக்கும். மத்தவங்க போட்டா போடட்டும், நமக்கு மண்ணு உதிரணும். சுவத்துக்கு அந்தப் பக்கம் நின்னு ஒரு குரல் குடுத்திருந்தா, மூணு வருஷம் முன்னாடியே சொல்லியிருப்பேனே!"

திரும்பி வந்து அத்தானிடம் அதைச் சொன்னேன்.

"குடுத்திருக்கலாம்தான். சுவரு இருக்கு, முகம் தெரியாது. தோணல," என்றார்.

இப்போது அந்த அறையில் உட்கார்ந்துதான் தைக்கிறேன். மெஷின் போட்டது போக ஒரு பாய் விரிக்க இடம் இருக்கிறது. அவரைக்கொடி சுவரை விட்டுவிட்டு என் ஜன்னல் கம்பியைப் பிடித்து ஏறிவிட்டது. ஊசியில் நூல் கோக்க வெளிச்சம் போதவில்லை. கொஞ்சம் வெட்டச் சொன்னால், வேலை முடிந்து வந்ததும் அத்தான் கத்தரிக்கோலோடு ஜன்னலுக்கு வெளியே வந்து நிற்கிறார். இரண்டு இலையை வெட்டுவார். பிறகு ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அன்றைக்கு எந்த மாடிக்காரர் என்ன சொன்னார் என்று சொல்ல ஆரம்பிப்பார். நான் தைத்துக்கொண்டே கேட்பேன். கொடியை அவர் முழுதாக வெட்டி முடித்ததே இல்லை.