வடக்குச் சுவரில் உடைத்து வைத்த கதவு

வெள்ளானூர்ப் பக்கம் இருக்கும் எங்கள் கிறிஸ்தவ ஆலயத்தை வெள்ளைக்காரர்கள் தங்கள் பட்டாளத்து அதிகாரிகளுக்காகக் கட்டினார்கள். சுற்றிலும் வயல், நடுவில் கோபுரம். குதிரை வண்டி உள்ளே வந்து நிற்கும் அளவுக்கு உயரமான முகப்பு மண்டபம். சன்னல்கள் எல்லாம் மேலே கூம்பி முடியும். சுவர் அவ்வளவு தடிமன் என்பதால் சன்னல் மாடத்தில் ஒரு குழந்தை காலை நீட்டிப் படுக்கலாம். நான் படுத்திருக்கிறேன். தூண்களின் சுண்ணாம்புப் பூச்சில் கன்னத்தை வைத்தால் சித்திரை வெயிலிலும் சில்லென்று இருக்கும். அண்ணாந்து பார்த்தால் தேக்கு உத்திரங்களும் அவற்றின் மேல் நெருக்கி அடுக்கிய செங்கற்களும் தெரியும்.

வடக்குச் சுவரில் மட்டும் எதனோடும் சேராமல் ஒரு கதவு. வளைவு கிடையாது. குட்டையானது, உயரமானவர்கள் குனிந்துதான் நுழைய வேண்டும். எங்கள் தெருக்காரர்கள் அந்த வழியாக வந்து பின்பெஞ்சுகளில் உட்காருவோம். நான் வளர்ந்த எண்பதுகளில் யாரும் எங்களைத் தடுக்கவில்லை. முகப்பு வழியாகவும் வரலாம். ஆனாலும் வரமாட்டோம். ஏன் என்று வீட்டில் பேசியதும் இல்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்டாக இருந்தேன். அப்பாவுக்கு அதே எஸ்டேட்டில் வார்ப்படப் பட்டறையில் வேலை. என் கம்பெனியின் கணக்குப் பிரிவில் இருந்த ஒருவருக்கு என்னைப் பிடித்துப்போய், வீட்டில் சொல்லி, பெரியவர்களை அழைத்து வந்தார். அவர்களும் கிறிஸ்தவர்கள், நகரத்துக்காரர்கள். சாதியைப் பற்றி அவர்கள் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. பேசி முடித்த கையோடு, கல்யாணம் நடக்கப்போகும் ஆலயத்தையும் பார்த்துவிடலாம் என்று கிளம்பினோம்.

அவருடைய தாய்மாமா ஓய்வு பெற்ற இன்ஜினியர். பழைய கட்டிடம் என்றால் அவருக்கு உயிர். தூணைத் தடவினார், உத்திரத்தை எண்ணினார். வடக்குக் கதவருகே வந்ததும் நின்றுவிட்டார்.

"இது ஆதியில இருந்த கதவு இல்லையே. மத்ததுக்கெல்லாம் வளைவு இருக்கு. சுவத்த அப்புறமா உடைச்சிருக்காங்க. எதுக்கு?"

"பாடகர் குழு வர்றதுக்கா இருக்கும்" என்றார் கூடவே வந்த எங்கள் போதகர்.

"இல்ல சார்," என்றார் அப்பா. "எங்க தெரு ஆளுங்க வர்றதுக்கு வெச்சது. எங்க தாத்தா காலத்துல முன்வாசல்ல ஏற உடமாட்டாங்க."

"யாரு, வெள்ளைக்காரங்களா?"

"பட்டாளம் போனப்புறம்தான் சார் இந்தக் கதவே வந்துச்சு. நம்மாளுங்கதான் ஒட்ச்சி வெச்சாங்க. எங்க தாத்தாவே கல்லு சொமந்தாராம்."

எந்த பஸ் எங்கே நிற்கும் என்று வழி சொல்வதுபோல அதைச் சொன்னார். மாப்பிள்ளையின் அம்மா கைப்பையைத் திறந்து எதையோ தேட ஆரம்பித்தார். எனக்குக் காது மடல் சுட்டது. தரையில் இரண்டு கற்களுக்கு நடுவே இருந்த கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா, "நல்ல காரியம் பேச வந்தவங்ககிட்ட இன்னாத்துக்கு அதெல்லாம் சொன்னே?" என்றாள்.

"அவரு கேட்டாரு, சொன்னேன்."

சோறு போடும்போது நான் அப்பா முகத்தைப் பார்க்கவில்லை.

சம்பந்தம் முறியவில்லை. மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஒரு சேதி மட்டும் வந்தது. எங்கள் ஆலயத்தில் கூரை ஒழுகுகிறதாம், கல்யாணத்தை அவர்கள் ஆலயத்தில் வைத்துக்கொள்ளலாமாம். கல்யாணமோ மே மாதம்.

"மெய்தான், ஒழுவுது," என்றார் அப்பா. "மழ வந்தா பொண்ணு பொடவ நனஞ்சிடும்."

எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

கல்யாணத்தன்று அப்பா என் கையைப் பிடித்து அழைத்துப் போக வேண்டும். நகரத்து ஆலயத்தின் அகலமான படிகளுக்குக் கீழே வந்ததும் அவர் நின்றார். இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார். என்ன தேடுகிறார் என்று எனக்குப் புரிந்தது. "இந்த வழிதாம்பா" என்று பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னேன். யாருக்காவது கேட்டிருக்குமோ என்றுதான் முதலில் பார்த்தேன். அப்புறம்தான் அவரைப் பார்த்தேன்; தலையைக் குனிந்தபடி முதல் படியில் கால் வைத்தார்.

அந்த வருடக் கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனோம். ஆராதனை முடிந்ததும் என் கணவர் அப்பாவிடம், "மாமா, அந்தக் கதவைக் காட்டுங்களேன்" என்றார். இருவரும் போனார்கள். நான் முகப்பு மண்டபத்திலேயே நின்றுகொண்டேன். பூச்சு உதிர்ந்த இடத்தில் விரலை வைத்து அப்பா எதையோ விளக்குவது தூரத்தில் தெரிந்தது. என்னிடம் அவர் அவ்வளவு நேரம் பேசியதே இல்லை. நானும் எதையும் கேட்டதில்லை.

திரும்பி வந்தபோது கணவரின் கையெல்லாம் சுண்ணாம்புப் பொடி.

"நீ ஏன் வரல?"

"வெயில்" என்றேன். டிசம்பர் மாதம். அம்பத்தூர் வரைக்கும் பஸ்ஸில் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன்.