நடிகன் மடியில என் பொண்ணு

என் வூட்டுக்காரருக்கு ஒரு சினிமா நடிகன்னா உசுரு. வில்லியனூர்ல ஹார்டுவேர் கடை வச்சிருக்காரு. கல்லாவுக்கு மேல சாமி படம் சின்னது, அவன் படம் பெருசு. என் தம்பிக்குக் கிரிக்கெட்டு. சேதராப்பட்டு கம்பெனில ஷிப்டு முடிச்சிட்டு, சோறு கூட துன்னாம பாகூர் கிரவுண்டுக்குப் பந்து போட ஓடுவான். ரெண்டு பேருக்கும் வாய்த்தகராறு எப்பவும் உண்டு, கறிசோறு போட்டா அடங்கிடும்.

என் பொண்ணுக்குக் காது குத்தற வாரம் பாத்து அந்த நடிகன் ஒரு பேட்டியில வாயத் தொறந்தான். மேட்ச் பாக்கறவன் வேலவெட்டி இல்லாதவனாம், காசு குடுத்தவன சிரிக்க வச்சி அழ வச்சி அனுப்பறது சினிமாதானாம். சொன்னவன் போயிட்டான், என் வூட்ல நெருப்பு புடிச்சிக்கிச்சி. டூப்பு போட்டு அடிக்கறவனுக்கு இன்னா தெரியும், உங்காளு ஜெயிப்பான்னு டிக்கெட் வாங்கும்போதே தெரியுது, முடிவு தெரியாம உக்காந்து பாக்கறதுதான் ஆட்டம்னு தம்பி போன்ல கத்தனான். இவரு மச்சான்னு கூட பாக்காம அசிங்கமா திட்டிட்டு வச்சாரு.

வச்சவரு சும்மா இருந்தாரா? மண்டப வாசல்ல பேனர் கட்டனாரு. அதுல அந்த நடிகன் சம்மணம் போட்டு உக்காந்திருக்கான், அவன் மடியில என் பொண்ணு. கம்ப்யூட்டர்ல ஒட்டிட்டாங்க. காது குத்தறப்ப புள்ள உக்கார்றது தாய்மாமன் மடி, அதுல வேற எவனுக்கும் பாத்தியத இல்ல. வேணும்னே செஞ்சாரா, புத்தி கெட்டு செஞ்சாரான்னு இன்னிக்கும் எனக்குத் தெரியாது.

தம்பி சீர்த்தட்டோட வேன்ல வந்து எறங்கனான். பேனரப் பாத்தான். தட்டக் கீழ வச்சிட்டு அதக் கிழிச்சான். இவரு ஓடிப் போயி கன்னத்துல வுட்டாரு. தம்பி பேனர்ல இருந்த சவுக்குக் கழிய உருவி இவரு மண்டையில போட்டான், பட்டுச்சட்ட முழுக்க ரத்தம். கடைப்பசங்க அவனத் தள்ளி மிதிச்சாங்க. கீழ கெடந்தவன் வலது மணிக்கட்டுல இவரு அதே கழியால அடிச்சாரு. பந்து போடற கை. எலும்பு ஒடஞ்ச சத்தம் எனக்குக் கேட்டுது. மேளத்த நிறுத்துன்னு யாரும் சொல்லல, அது பாட்டுக்கு அடிச்சிக்கினு இருந்துது. வெலக்கப் போன நான் எவன் கையக் கடிச்சேனோ, வாயெல்லாம் ரத்த ருசி.

அடங்கனதும் ஆசாரி தோடு கேட்டாரு. அது தம்பி சட்டப்பையில இருந்துது. அவனால கையத் தூக்க முடியல, நானே எடுத்தேன்.

"ஆஸ்பத்திரிக்கு அப்புறம் போறேன்கா. மடி குடுத்துட்டுப் போறேன்."

தலையில துண்ட அமுக்கிக்கினு இவரு சொன்னாரு: "அவன் மடியில புள்ளய வச்சீன்னா என் வூட்டு வாசப்படி மிதிக்காத."

சொந்தக்காரங்க அத்தினி பேரும் என்னையே பாத்தாங்க. ஒரு சினிமாக்காரன் என்னமோ சொன்னதுக்கு என் பொறந்த வூட்ட நான் அறுத்துக்கணுமா? புள்ளயத் தூக்கித் தம்பி மடியில வச்சேன். அவன் ஒடஞ்ச கை தொங்க, இடது கையால அணைச்சிக்கிட்டான். கம்பி எறங்கனப்ப அவ அலறனா, அவனும் அழுதான்.

இப்ப பாகூர்ல அம்மா வூட்லதான் இருக்கோம். புள்ளைக்குக் காது ஆறிடுச்சி. அவ அப்பா இன்னும் வந்து பாக்கல.